யன்னலைச் சாத்திவிட்டுச் சிரிக்கிறவர்கள்

தொண்ணூறுகளில் ஒருநாள், நியூசிலாந்தின் ஆக்லாந்து மவுண்ட் வெல்லிங்டனில், யாழ்ப்பாணத்து நண்பர் வீட்டில் மதிய விருந்து. ஓர் அமெரிக்க நகைச்சுவையாளர் தன் நாட்டுத் தலைவர்களைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்த புத்தகத்தை நான் தமிழில் சொல்லச் சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"எங்கட இயக்கத் தலைவர்மாரைப் பற்றியும் இப்பிடி ஒருத்தர் எழுதவேணும்," என்றேன்.

சிரிப்பு நின்றது. நண்பர் எழுந்துபோய் யன்னலைச் சாத்தினார்.

"உங்களுக்கென்ன விசரே? மெல்லக் கதையுங்கோ!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணை, பக்கத்து வீட்டில வெள்ளைக்காரக் கிழவி. அவவுக்குத் தமிழ் விளங்குமே?"

நான் புறப்படும்போது நண்பர் வாசலில் வைத்துக் கேட்டார்: "அந்தப் புத்தகத்தை ஒருக்கா தாங்கோ. வெளியில தெரியாமல் பேப்பர் சுத்தித் தாங்கோ."

அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. நாங்கள் விசா எடுக்கப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இந்தப் பயத்துக்கு யார் விசா கொடுத்தது?