பொட்டுக்கு நேராக ஒரு ஆணி

மைசூரில் பலகையில் உருவம் அறுக்க ஸ்க்ரோல் ரம்பம் வாங்குகிறவன் முதலில் அறுப்பது யானையை. அடுத்தது அரண்மனை. மூன்றாவதாகத்தான் பெற்ற தாய் ஞாபகத்துக்கு வருகிறாள். போனில் கிடக்கும் ஒரு போட்டோவை ஏதோ ஆப்பில் போட்டு, ஒரு பொத்தானை அமுக்கி, வந்த கறுப்பு வெள்ளை உருவத்தை அப்படியே அச்சடித்துப் பிளைவுட்டில் ஒட்டிவிடுகிறான். பாதி அறுக்கும்போது தாயின் மூக்கு மடியில் விழுகிறது. கேட்டால் பிளேடு சரியில்லை என்பான்.

என் தம்பி இந்த ரகம்தான். மைசூர் ஹெப்பாளில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். நானும் ஹெப்பாள்தான், ஆனால் தொழிற்சாலையில், டிராயிங் பிரிவில். அரை மில்லிமீட்டருக்குச் சண்டை போடுகிற ஜாதி. அவன் தன் மனைவியின் முகத்தை அறுத்தான். இரண்டு காதுகளும் தனியாக வந்தன. "அண்ணா, ஒன் கிளிக்ல வருது. நீ சும்னே ரெண்டு வாரம் உக்காந்து கஷ்டப்படறே," என்றான். காதில்லாத பெண்டாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன பேச்சு பாருங்கள்.

விஷயம் ரொம்பச் சின்னது. படத்தில் கறுப்பு என்பது மரம், வெள்ளை என்பது ஓட்டை. ஒரு கறுப்பு இன்னொரு கறுப்பைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். வெள்ளைக்கு நடுவில் தனியாக நிற்கும் கறுப்புக்குத் தீவு என்று பெயர். அதற்கு ஒரு மெல்லிய பாலம் விடாவிட்டால், சுற்றியிருக்கும் வெள்ளையை அறுத்து எடுக்கும்போது தீவும் சேர்ந்து போய்விடும். இதை அவனுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன். கேட்டால் அல்லவா.

அவன் புது வீடு கட்டினான். கிரகப்பிரவேசத்துக்கு என்ன வேண்டும் என்று அம்மாவைக் கேட்டபோது, அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். "என்ற படம் ஒண்ணு அங்க மாட்டோணும் கண்ணு. நீ அறுத்துக் குடு. பொட்டு மட்டும் நல்லாத் தெரியோணும். உங்கத்தை வர்றா."

அத்தை என்றால் அப்பாவின் அக்கா, அம்மாவுக்கு நங்கையா, கௌதள்ளியில் இருக்கிறாள். அப்பா இறந்தபோது சம்பிரதாயம் என்று சொல்லி அம்மாவின் பொட்டை அழிக்க ஈரத்துணியோடு வந்தவள். நான் குறுக்கே நின்று, "கையை எடுங்க அத்தை," என்றேன். அன்றிலிருந்து அம்மாவின் பொட்டு சிறுத்ததே இல்லை. இன்னும் நாலணா அகலம்தான். உறவுக்காரர்கள் விசேஷ வீடுகளில் அவளைத் தள்ளி உட்கார வைத்துப் பார்த்தார்கள். அவள் முன் வரிசைக்கே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நானோ அந்த ஒற்றை வாக்கியத்தை ஆபீஸில், பஸ்ஸில், கல்யாணப் பந்தியில் என்று சொல்லாத இடமில்லை. எனக்கு அவ்வளவு பெருமை.

ஆகவே படத்தை முறைப்படி செய்தேன். போட்டோவைச் சாப்ட்வேரில் திறந்து, பின்னாலிருந்த அலமாரியை அழித்தேன். வெளிச்சம் நிழலைக் கூட்டிக் குறைத்து, சாம்பல் நிறமே இல்லாமல் கறுப்பாகவும் வெள்ளையாகவும் பிரித்தேன். பிறகு படத்தைப் பெரிதாக்கித் தாடையிலிருந்து ஒவ்வொரு தீவாகத் தேடினேன். உதட்டுக்குப் பாலம். கண்மணியை மேல் இமையோடு சேர்த்தேன். மூக்குத்திக்குக்கூட மயிரிழை அளவில் ஒரு பாலம். பொட்டை என்ன செய்தேன் தெரியுமா? இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி, விளிம்பைத் திருத்தி, நல்ல வட்டமாக்கினேன். தம்பியைக் கூப்பிட்டுக் காட்டி, "இதுக்குப் பேர்தான் வேலை," என்றேன்.

அறுத்து, தேய்த்து, கறுப்பு பெயின்ட் அடித்து, விசேஷத்தன்று காலையில் தம்பி வீட்டுக் கூடத்தில் நானே மாட்டினேன். மரத்துக்கு ஊடே வெள்ளைச் சுவர் தெரிய, அம்மா முகம் அப்படியே இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அம்மா அத்தையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து படத்துக்கு முன்னால் நிறுத்தினாள். பிறகு விரலை நீட்டிப் படத்தின் நெற்றியைத் தொட்டாள். விரல் உள்ளே போய்ச் சுவரில் இடித்தது.

"என்ற பொட்டு எங்கடா?" என்றாள்.

எங்கே? என் பட்டறைக் குப்பைக்கூடையில். நெற்றியை ஒரே துண்டாக அறுத்து எடுத்தேன். நான் வட்டம் திருத்திய பொட்டு, அந்தத் துண்டின் நடுவில் ஒட்டிய காகிதத்தோடு போய்விட்டது. மூக்குத்திக்குப் பாலம் விட்ட மகானுக்குப் பொட்டு ஒரு தீவு என்று தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த நெற்றி. பொட்டும் நெற்றியும் எனக்கு ஒன்றாகவே தெரிந்திருக்கின்றன. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது என்னைப் போன்ற மடையனுக்காகச் சொன்னது.

அத்தை அவசரப்படவில்லை. "ஏனம்மிணி, நான் தொடைக்க வந்தப்ப அந்தக் குதி குதிச்சான். இப்ப அவனே அறுத்துப் போட்டானாட்ட இருக்குது," என்றாள். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது.

அம்மா கைப்பையைத் திறந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, இருப்பதில் பெரியதாக ஒன்றை உரித்தாள். படத்தின் நெற்றி ஓட்டைக்குள் விரலை விட்டு, சுவரில் வைத்து அழுத்தினாள். "இப்பத் தெரியுதா நங்கையா?" என்று கேட்டாள். அத்தை காபி குடிக்கப் போய்விட்டாள்.

பாலம் விட்டு வேறொன்று அறுத்துத் தருவதாகக் கெஞ்சினேன். "பொட்டுல கோடு இழுத்தா நாமமாயிரும். இதே இருக்கட்டும்," என்றாள்.

மூன்று மாதம் கழித்துத் தம்பி பெரிய டிவி வாங்கினான். படத்தைக் கழற்றி ஆணியைப் பிடுங்கியதில் காரை பெயர்ந்தது. பொட்டு மட்டும் சுவரிலேயே நின்றது. போன் செய்தான். "அண்ணா, சுவத்துல பொட்டு ஒட்டிக்கிட்டு இருக்கு. சுரண்டிடவா?"

என் பக்கத்திலிருந்த அம்மா போனைப் பிடுங்கினாள். "கையை எடுடா," என்றாள். "டிவியை வேற பக்கம் வெச்சுக்கோ."

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு, படத்தைச் சுவர்ப் பொட்டுக்கு நேராகத் திரும்ப மாட்ட, அளவு நாடாவும் மட்டப்பலகையுமாகப் போனேன். முதல் ஆணியில் பொட்டு புருவத்தில் வந்தது. இரண்டாவதில் வகிட்டுக்கு ஏறியது. அம்மா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ரெண்டு நூல் மேல," என்றாள். நாடாவைப் பைக்குள் போட்டுவிட்டு, அவள் சொன்ன இடத்தில் அடித்தேன்.