படகு நம்பரும் நாலு பனியனும்

ஐந்தாம் வகுப்போடு உப்பளத்து வேலைக்குப் போனவன் நான். பிறகு போர்டு எழுதினேன், ஸ்டிக்கர் எழுத்துக்கு வினைல் ஷீட் வெட்டும் மெஷின் வாங்கினேன். இன்று தூத்துக்குடியில் பாதிப் படகுகளில் இருப்பது என் கடை எழுத்துதான்.

போன மாதம் ஆலந்தலை அந்தோணியின் படகுக்கு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டினேன். அவன் கடலுக்குக் கிளம்பும் அவசரத்தில் காய்ந்த துணியால் மட்டும் துடைத்தேன். படகில் படிந்திருந்த உப்பு, உப்பளத்தில் வளர்ந்த என் கண்ணுக்கே தெரியவில்லை.

நடுக்கடலில் ரோந்துப் படகு மறித்தபோது இரண்டு பக்கமும் நம்பர் உரிந்து போயிருந்தது. படகின் பதிவுப் பேப்பரும் கரையில் இருந்தது. படகைப் பிடித்துக்கொண்டு போகப் பார்த்த அதிகாரி, படகிலிருந்த நாலு பேரின் முதுகையும் கவனித்தார். அவர்கள் போட்டிருந்தது திருவிழாவுக்கு நான் பிரிண்ட் அடித்துக் கொடுத்த பனியன். முதுகில் படகு நம்பரைப் போட்டது என் யோசனை. அந்த நம்பரை ஒயர்லெஸ்ஸில் விசாரித்து, படகை விட்டுவிட்டார்கள்.

கரையேறிய அந்தோணி, “ஒம்ம ஸ்டிக்கரு மீனுக்கு இரையாப் போச்சு அண்ணாச்சி! மாதாதான் காப்பாத்துனா,” என்றான்.

“பனியன்ல நம்பரு போட்டது யாருவே?” என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

இப்போதெல்லாம் படகை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். உப்புக் கரிக்காவிட்டால்தான் ஒட்டுகிறேன்.

மாதாவுக்கு அவன் மெழுகுவர்த்தி ஏற்றட்டும். ஆனால் ஊரில் இதைச் சொல்லும்போதெல்லாம் பனியன் அடித்தவன் பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.