ஆறு நாட்டுத் தொலைபேசி இலக்கங்கள்

2009 இல் லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு சிறிய கம்பெனிக்கு மெயில் சேர்வர் பார்க்கும் வேலையில் இருந்தேன். அதை நம்பி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கம் தன் மின்னஞ்சல் குழுவையும் என் தலையில் கட்டியது. குழுவில் அறுநூறு பேர். தினமும் அவர்களுக்கு லொத்தரில் கோடி கோடியாகப் பரிசு விழுந்துகொண்டிருந்தது. முன்பின் தெரியாத பணக்கார விதவைகள் தங்கள் சொத்தை எழுதிவைக்க எங்கள் ஆட்களையே தேடினார்கள்.

இந்தக் கடிதங்களில் பல நாட்டுத் தொலைபேசி இலக்கங்கள் இருப்பதைக் கவனித்து, குப்பை மெயிலை வடிகட்டும் பில்டரில் ஒரு விதி எழுதினேன். மூன்று நாடுகளுக்கு மேல் இலக்கம் இருந்தால் அது ஸ்பாம். பெட்டியில் போட்டுப் பூட்டு. இரண்டு வாரம் குழு துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பாராட்டு வந்தது. நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். வயிறும் கூடவே நிமிர்ந்தது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் லண்டனின் மறுகோடியில் சட்டனிலிருந்து ரமணன் போன் எடுத்தார். எங்கள் எல்லோருக்கும் கணக்குப் படிப்பித்த மாஸ்டரின் மகன். மாஸ்டர் முந்தின வாரம் காலமாகியிருந்தார்; எனக்கே அப்போதுதான் தெரியும்.

"அண்ணை, திங்கட்கிழமையே குழுவுக்கு அறிவித்தல் போட்டனான். ஒருத்தரும் ஒரு போன் எடுக்கேல்லை. நாளைக்குக் காலமை பத்து மணிக்கு இறுதிக்கிரியை. அப்பாவை ஒருத்தருக்கும் ஞாபகமில்லையோ?"

அப்போதுதான் என் பில்டர் ஞாபகம் வந்தது. எங்கள் மரண அறிவித்தலின் அடியில் என்ன இருக்கும்? மகன் லண்டன், மகள் ரொறன்ரோ, மச்சான் பாரிஸ், தம்பி ஒஸ்லோ, பெறாமகன் சூரிச், தங்கச்சி யாழ்ப்பாணம். ஆளுக்கொரு இலக்கம். என் விதி எங்கள் சனத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

பெட்டியைத் திறந்தேன். இரண்டு லொத்தருக்கு நடுவில் மாஸ்டர் இருந்தார். அந்த ஒன்றை மட்டும் விடுவிக்க ஒரு கிளிக் போதும். அவசரத்தில் 'செலக்ட் ஓல்' அழுத்தி, 'ரிலீஸ்' கொடுத்துவிட்டேன். இரண்டு வாரக் குப்பை முழுவதும் மாஸ்டரையும் இழுத்துக்கொண்டு அறுநூறு பேருக்கும் போனது. ஓடிப்போய் சேர்வரின் வயரைப் பிடுங்கினேன். பிடுங்கியது பிரின்டரின் வயர்.

பத்து நிமிடத்தில் கிழக்கு லண்டன் செவன் கிங்ஸிலிருந்து குணம் அண்ணை போன் எடுத்தார். என்னைவிட நாலு வகுப்பு மேலே படித்தவர்.

"உனக்கென்ன விசரே? நூற்றிப் பதினேழு மெயில் வந்து கிடக்கு. ஒவ்வொண்டா அழிச்சுக்கொண்டு போகேக்கை பாத்தா, மாஸ்டர். எப்ப கிரியை?"

நாளை பத்து மணி என்றேன்.

"சரி, உன்னை நாளைக்கு நேரிலை பேசிறன். இப்ப ஆக்களுக்குச் சொல்லோணும்."

அன்று இரவுவரை என்னைத் திட்டுவதற்காக எல்லோரும் ஒருவருக்கொருவர் போன் எடுத்தார்கள். திட்டி முடிந்ததும் மாஸ்டரைப் பற்றிக் கதைத்தார்கள். அறிவித்தல் தனியாகப் போயிருந்தால் பாதிப் பேர் திறந்தே பார்த்திருக்கமாட்டார்கள்.

மறுநாள் மண்டபம் நிறைந்து, வாசலுக்கு வெளியேயும் சனம் நின்றது. ரமணன் என் கையைப் பிடித்து, "அப்பாவுக்கு இவ்வளவு பேர் வருவினம் எண்டு நினைக்கேல்லை அண்ணை" என்றார். பின்னால் நின்ற குணம் அண்ணை என் காதுக்குள், "எனக்கு லொத்தரும் விழுந்திருக்காம். அதுக்கு எப்ப போறது?" என்று கேட்டார்.

அன்று மாலையே அந்த விதியை அழித்தேன். இப்போது குழு நடத்தும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: எந்தப் பில்டரும் போடுங்கள், ஆனால் பூட்டிய பெட்டியைத் தினமும் நீங்களே திறந்து பாருங்கள். நான் நடத்திய காலத்தில் காலைத் தேநீரோடு பார்ப்பேன். கோடீஸ்வரிகளை உள்ளேயே இருக்கவிட்டு, எங்கள் ஆட்களை வெளியே விடுவேன். ஒவ்வொருவராக.