ஓர்லின் வீட்டு ஹாம்ஸ்டர்கள்

மார்லிஸ் ஹௌகனுக்குக் கல்லூரியில் சம்பளம் கொடுத்ததே பிராணிகளுக்குப் பொய்யான பருவத்தைக் காட்டத்தான். உயிரியல் கட்டடத்தின் அடித்தளத்தில் இரண்டு அறைகள். ஒன்றில் விளக்குகள் கோடைப் பகலைப் போல நெடுநேரம் எரியும். மற்றதில் அந்த வடக்கு டகோட்டா ஊரின் டிசம்பர் மாதிரி சீக்கிரமே அணைந்துவிடும். இரண்டிலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், எலி இனத்துச் சைபீரிய ஹாம்ஸ்டர்கள். கூண்டு கழுவுவது, தீனி போடுவது, விளக்கு நேரம் பிசகாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள் பொறுப்பு.

குளிர்கால அறையில் இருப்பவை போகப்போக உடம்பெல்லாம் வெளுத்துவிடும். அப்புறம் கூண்டுக்குள் புதிதாக ஒன்றை விட்டால் பாய்ந்து குதறும். கோடை அறையில் இருப்பவை வந்ததை மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகும்.

"ஆண் ஹார்மோன் வத்திப்போயிருக்கு மார்லிஸ், ஆனா சண்டை மட்டும் ஏறுது. வெளிச்சத்தைக் குறைச்சதைத் தவிர நாம ஒண்ணுமே பண்ணலை" என்று பேராசிரியை வாண்டா கெல்ச் வியப்பார். மார்லிஸுக்கு அதில் வியப்பு வரவில்லை. உறுத்தல்தான் வந்தது.

ஆராய்ச்சி முடிந்தால் மிச்சமிருப்பவற்றைக் கொன்றுவிடுவது வழக்கம். அந்த அக்டோபரில், கோடை அறையில் ஒன்றாகவே வளர்ந்த இரண்டு அண்ணன் தம்பிகளை அவள் கேட்டு வாங்கினாள். "தனித்தனிக் கூண்டுல வை, என்ன?" என்றார் வாண்டா. சரி என்று தலையாட்டினாள்.

கொண்டுபோய்க் கொடுத்தது பக்கத்து வீட்டு ஓர்லின் ட்வைட்டுக்கு. அந்த வசந்தத்தில்தான் அவர் மனைவி ஆர்டிஸ் இறந்துபோயிருந்தாள். எழுபது வயது மனிதருக்கு இரண்டு கூண்டு பாரம், ஒன்றாக இருந்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும் என்று மார்லிஸ் தானே முடிவுசெய்துகொண்டாள். வாண்டா சொன்னதை அவரிடம் சொல்லவேயில்லை.

ஓர்லின் கூண்டை ஆர்டிஸின் தையல் அறையில் வைத்தார். அவள் போனதிலிருந்து அந்த அறைத் திரை விலகியதே இல்லை. அவர் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து அவற்றோடு பேசிக்கொண்டிருந்தார்.

நவம்பர் கடைசியில் மார்லிஸ் சூடாகச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனாள்.

"இங்க வந்து பாரு. சின்னவனுக்கு என்னை மாதிரியே நரைக்குது" என்று சிரித்தார் ஓர்லின். ஆர்டிஸ் போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தாள்.

முதுகில் வெள்ளை ஏறியிருந்தது. அடுத்து என்ன வரும் என்று மார்லிஸுக்குத் தெரியும்.

"திரையைக் கொஞ்சம் விலக்கி விடுங்களேன்."

"துணியெல்லாம் வெளுத்துடும்னு ஆர்டிஸ் திட்டுவா."

மேலே பேசினால் கூண்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். சாப்பாட்டுப் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர்லின் கூப்பிட்டனுப்பினார். சின்னவன் மரத்தூளில் செத்துக் கிடந்தான். காது கிழிந்து, வயிற்றில் கடி. பெரியவன் மூலையில் வாயை நக்கிக்கொண்டிருந்தான்.

"தீனி போட மறந்துட்டேன் போல. கூடப்பிறந்தவனையே கடிச்சிருக்கான்னா எவ்வளவு பசிச்சிருக்கும்" என்றார். "ஆர்டிஸுக்கே மாத்திரை கொடுக்க மறந்தவன்தானே நான்."

தீனிக் கிண்ணம் நிறைந்திருந்தது. மார்லிஸ் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "இதுங்களுக்கு வயசாயிட்டா இப்படித்தான் போகும், ஓர்லின்" என்றாள்.

"வயசா? இளசுங்கன்னுல்ல சொன்னே?"

அவள் செத்ததைக் காகிதத்தில் சுற்றினாள்.

அதற்கப்புறம் சர்ச்சில் ஆராதனை முடிந்து எல்லாரும் காபி குடிக்கும்போது ஓர்லினைக் காணோம். மறதி வந்துவிட்டது என்று கார் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டாராம். வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போகப்போகிறாராம். மார்லிஸ் காபிக் கோப்பையை அப்படியே மேசையில் வைத்தாள். கோட்டைக்கூட மாட்டாமல் பனியில் நேரே அவர் வீட்டுக்கு நடந்தாள்.

சமையலறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். இருட்டு அதிகமானால் அவை சண்டைபோடும் என்பதை, பிரித்து வைக்கச் சொல்லியிருந்ததை, நரைத்ததைப் பார்த்தபோதே தனக்குத் தெரிந்துவிட்டதை.

"தீனி?" என்றார் ஓர்லின்.

"கிண்ணம் நிறைய இருந்துச்சு."

"அன்னைக்கே பார்த்தியா?"

"பார்த்தேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எலி செத்ததுக்கு உன்மேல கோவம் இல்லை. எனக்குப் புத்தி போயிடுச்சுன்னு நானே நம்பினேன். நீ நம்ப விட்டே பாரு, அதுதான்."

எழுந்து ஒரு கோப்பையில் காபி ஊற்றிக்கொண்டார். தனக்கு மட்டும். அந்த ஊரில் தபால்காரனுக்குக்கூடக் காபி ஊற்றாமல் அனுப்ப மாட்டார்கள். அவர் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"மிச்சமிருக்கிறவனுக்கு எவ்வளவு வெளிச்சம் வேணும்?" என்று கேட்டார். சொன்னாள். மறுநாள் ஒரு மேசை விளக்கை அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

வீடு விற்கப்படவில்லை. கார் சாவி திரும்பி வந்தது. வாண்டாவிடமும் மார்லிஸ் போய்ச் சொன்னாள். அவர் கடிந்துகொள்ளவில்லை, "இனிமே வெளியே கொடுக்க வேண்டாம்" என்றதோடு சரி. திட்டியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஓய்வு பெறும்வரை அதே அறைகளில் வேலை பார்த்தாள்.

அந்தக் குளிர்காலம் முடிந்து பனி உருகும் சமயத்தில் ஓர்லின் வேலியோரம் நின்று பேச ஆரம்பித்தார். ஆற்று வெள்ளத்தைப் பற்றி, விதைப்பைப் பற்றி. வீட்டுக்குள் வா என்று மட்டும் கூப்பிடவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.