பளிச்சு அக்கா கொட்டிய சாம்பல்

பளிச்சு அக்காவுக்கு அந்தப் பேரை வைத்தது அவள் துப்புரவு வேலை பார்க்கும் நகரத்து ஆஸ்பத்திரி. அவள் துடைத்த வராந்தாவில் டாக்டர்களே செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பார்களாம். இது அவள் வீட்டுக்காரர் அளக்கிற கதை. தூசி என்றால் அவளுக்கு அப்படியொரு ஜென்மப் பகை.

அவள் சனங்கள் குன்றடியில் இருந்தார்கள். நகரம் அந்தப் பக்கம் தலைகாட்டுவதற்கு முன்பிருந்தே அங்கேதான். அடுக்குமாடிகள் வந்த பிறகு, இவர்கள்தான் எங்கிருந்தோ வந்து புகுந்தவர்கள் என்ற பேச்சும் வந்தது. வயிறு எரியாதா? உண்மையிலேயே குடியிருக்கிறார்களா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். அவர் ஆமென்றால் பட்டாவும் குடும்ப அட்டையும், இல்லையென்றால் புல்டோசர்.

பெரிய மனுஷன் வருகிறபோது இடம் அலங்கோலமாகக் கிடந்தால் அக்கா விடுவாளா? சமைப்பது, உண்பது, உறங்குவது எல்லாம் அவர்களுக்கு வெட்டவெளியில்தான். குடிசை மழைக்கு மட்டும். ஊரையே விரட்டி வேலை வாங்கினாள். அடுப்புக் கற்களைப் பெயர்த்தார்கள், சாம்பலை அள்ளினார்கள், துணிக்கொடியை அவிழ்த்தார்கள், கோழிகளை அடைத்தார்கள். பிள்ளைகளை ஓடைக்குக் குளிக்க அனுப்பினார்கள்.

அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கிச் சுற்றிப் பார்த்தார்.

"யாரும் பொழங்குற எடமாவே தெரியலையேம்மா. சும்மா குடிசை மட்டும் போட்டு வச்சிருக்கீங்க."

அக்கா குறுக்கே வந்து நின்றாள். "ஐயோ சார், உங்களுக்காகத்தான் சார் பெருக்குனோம்!"

"எல்லாரும் ஏதாவது சொல்லத்தான் செய்வாங்க" என்று அவர் பேனாவைத் திறந்தார்.

அக்கா ஓடினாள். சாம்பல் கூடையைத் தூக்கி வந்து நட்டநடுவில் கவிழ்த்தாள். கோழிகளைத் திறந்துவிட்டாள். கற்களை உருட்டி வந்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"குடும்பம் நடத்துறேன் சார்!"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அவள் கல் வைத்த இடத்தைக் குனிந்து பார்த்தார். பக்கத்தில் கிடந்த குச்சியால் கிளறினார். மேலேதான் பெருக்கியிருந்தார்கள், தோண்டத் தோண்ட மண் கருகிக் கிடந்தது.

"எத்தனை வருஷமா இங்க அடுப்பு எரியுது?"

"எரியாத வருஷம் எனக்குத் தெரியாது சார்."

ஒவ்வொரு குடிசை முன்பும் கிளறிப் பார்த்தார். பிறகு, குடியிருக்கிறார்கள் என்று எழுதி, அவர்கள் முன்னாலேயே வாசித்துக் காட்டிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார்.

அக்கா அந்தச் சாம்பலிலேயே பொத்தென்று உட்கார்ந்து அழுதாள். மூக்கு, முகமெல்லாம் கரி. வீட்டுக்காரர் துடைப்பத்தை எடுத்து வந்து, "எந்திரி, பெருக்கணும்ல?" என்று சீண்டினார்.

"கெடக்கட்டுமேய்யா" என்றாள். "நம்ம எடம்தானே."