தம்பி கொண்டுவந்த கோடி

என் வீட்டுக்காரருக்குக் கால் விரல்களில் நகம் கிடையாது. வங்காளத்துச் சண்டையின்போது பள்ளம் வெட்டி அதற்குள் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார்களாம். சேற்றுத் தண்ணீர் முழங்கால் வரைக்கும் நிற்குமாம். பூட்ஸைக் கழற்றக் கூடாது என்று உத்தரவு. ஒருவழியாகக் கழற்றியபோது தோலும் நகமும் பூட்ஸுக்குள்ளேயே தங்கிவிட்டன. சண்டையைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். யாரைச் சுட்டார், பக்கத்தில் யார் செத்தார் என்று நான் கேட்டதில்லை. வெறுங்காலோடு நடந்தால் வலிக்கும் என்று எந்நேரமும் பூட்ஸ் போட்டிருப்பார். வயலுக்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான். கோயில் வாசலில் அதைக் கழற்றி மாட்டுவதற்குள் தீபாராதனை முடிந்துவிடும் என்று ஊரில் சிரிப்பார்கள்.

எனக்குப் பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே ஊர். பாகூருக்குப் பக்கத்தில், ஏரித் தண்ணீர் பாயும் ஊர். என் அம்மா சீக்கிரமே போய்விட்டதால் தம்பியை நான்தான் இடுப்பில் வைத்து வளர்த்தேன். நான் கட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்கு வந்த பிறகும் அவன் சாப்பாடு என் வீட்டில்தான். இவர் பட்டாளத்தில் இருந்த வருஷங்களில் எனக்குத் துணைக்கு வந்து படுப்பான். என் மகனுக்குக் காய்ச்சல் வந்தால் சைக்கிளில் தூக்கிக்கொண்டு ஓடுவான். எங்கள் நிலத்தை உழுததும் அவன்தான். இவர் லீவில் வந்தால் மிலிட்டரிக் கம்பளியை முதலில் அவனுக்குத்தான் கொடுப்பார்.

இவர் பென்ஷனில் வந்து பயிர் வைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. எங்கள் பக்கம் அப்படி ஒரு தேர்தல் நடந்தே ஒரு தலைமுறை ஆகியிருந்தது. தலைவர் என்றால் என்ன வேலை என்றே பாதிப் பேருக்குத் தெரியாது. இவரை நிற்கவைத்தவன் என் தம்பி. வீடு வீடாகப் போய், எங்க மாமா சுட்டா சுட்டதுதான், சொன்னா சொன்னதுதான் என்று ஓட்டுக் கேட்டான். ஜெயித்த அன்றைக்கு இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு நான்கு தெருவும் சுற்றினான். பூட்ஸ் கால் அவன் மார்பில் இடித்துக்கொண்டே வந்தது.

அதற்கப்புறம் எங்கள் வீடு வீடாக இல்லை. தெரு விளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, முதியோர் பென்ஷன் நின்றுபோனது என்று விடியும்போதே ஆள் வந்துவிடும். எல்லாருக்கும் டீ போடுவேன். இவர் கேட்டுக்கொண்டு, மத்தியானம் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸுக்குக் கிளம்புவார். என்னைத் தலைவரம்மா என்று கூப்பிட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

ஒரு மழைக்காலத்தில் ஏரிக்கரைத் தெரு முழுக்கத் தண்ணீர் நின்றது. வீட்டுக்குள் கட்டில் மேல் கட்டில் போட்டு, அதன்மேல் அடுப்பு வைத்துச் சமைத்தார்கள். மழை விட்டும் தண்ணீர் வடியவில்லை. இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு பொம்பளையின் கால் விரலிடுக்கெல்லாம் வெந்துபோய் வெளுத்திருக்கிறது என்று மட்டும் சொன்னார். மறுநாள் வடிகால் வாய்க்காலோடு நடந்தார். வாய்க்கால் முதலில் அடைபட்டிருந்த இடம் என் தம்பி வீட்டு மாட்டுக் கொட்டகை.

அந்தக் கொட்டகை எங்கள் அப்பா பனந்தூண் நட்டுக் கட்டியது. அப்போது வாய்க்கால் அகலமாக இருந்தது, யாரும் கேட்கவில்லை. பின்னால் தம்பி அதைச் செங்கல் வைத்து எடுத்து, ஒட்டினாற்போல் சமையலறையும் இழுத்துக்கொண்டான். அவனுக்குக் கீழே இன்னும் எத்தனையோ பேர் அப்படித்தான் கட்டியிருந்தார்கள்.

சேதி தெரிந்து அன்று சாயங்காலமே தம்பி வந்தான். நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, இடிக்கவேணாம்னு சொல்லல. கீழயிருந்து ஆரம்பிச்சிக்கினு வாங்க. கடைசியா என்னுது வரட்டும்."

"கீழருந்து ஆரம்பிச்சா, மச்சான் வூட்ட வுட்டுட்டான்னு ஒருத்தனும் எடுக்கமாட்டான்டா. மொதல்ல உன்னுது போனாத்தான் மத்தவன் வாய மூடுவான்."

"ஊருக்கு நல்லவனாவறதுக்கு நான்தான் கெடச்சனா?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் அரிசியில் கல் பொறுக்கினேன். ஆம்பளைகள் பேச்சு, நாலு நாள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். பேசுவதற்கு நாளே வைக்கவில்லை. மறுநாள் காலை தெருவில் ஜேசிபி போகிற சத்தம்தான் எனக்குத் தெரிந்த சேதி. கொம்யூன் கமிஷனரிடம் முன்னாடியே பேசி வைத்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் போய் நின்றபோது மாடுகளை அவிழ்த்துப் புளியமரத்தில் கட்டியிருந்தார்கள். தம்பி பெண்டாட்டி மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தாள். அப்பா நட்ட பனந்தூண் செங்கலுக்குள்ளே அப்படியே இருந்திருக்கிறது. முதல் இடியில் அது விழவில்லை, இரண்டாவதில் விழுந்தது. இவர் பூட்ஸோடு வாய்க்காலில் இறங்கி நின்று கை காட்டிக்கொண்டிருந்தார். தெருவே கூடியிருந்தது.

தம்பி என் முன்னால் வந்து நின்றான்.

"இன்னிக்கி இடிக்கப்போறாங்கன்னு உனக்குத் தெரியுந்தான யக்கா?"

தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவன் என் மகன் மாதிரி, நம்பியிருப்பான். ஆனால் அத்தனை பேர் நடுவில் அதைச் சொன்னால், பெண்டாட்டிக்கும் சொல்லாமல் அவள் அப்பன் கொட்டகையை இடித்தவன் என்று இவருக்குப் பெயராகும். பெண்டாட்டியை மதிக்காதவன் என்று பேசுவார்கள், எனக்கும் அது தலைகுனிவு. நான் வாயைத் திறக்கவில்லை.

"செரி. இனிமே எனக்கு அக்கா கெடையாது" என்றான்.

தண்ணீர் அன்றைக்கே வடிய ஆரம்பித்தது. கீழே இரண்டொரு இடம் இடித்தார்கள். அதற்குக் கீழே பெரிய இடத்து மனிதர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், வேலை நின்றது. மச்சான் வூடு மட்டும்தான் இளிச்சவாயன் வூடு என்று டீக்கடையில் பேசினார்கள். இவர் பதவிக்காலம் முடிந்தது. மறுபடி தேர்தல் வரும் வரும் என்றார்கள், வரவில்லை. வந்துபோன கூட்டமும் குறைந்து, ஒருநாள் டீத்தூள் பொட்டலம் பிரிக்காமலே கட்டிதட்டிப்போனது. தலைவரே என்று கூப்பிடுவது மட்டும் ஊர் வாயில் தங்கிவிட்டது.

தம்பி வீட்டைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகவேண்டும். என்னைப் பார்த்தால் உள்ளே போய்விடுவான். பொங்கலுக்கு வரிசை வராது. அவன் மகள் கல்யாணத்துக்கு ஊரெல்லாம் பத்திரிகை வைத்தான், எங்கள் வீட்டைத் தாண்டிப் போனான். கல்யாண மேளம் கேட்கிற தூரத்தில் நான் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். இவரிடம் இதைப் பற்றி நான் பேசியதில்லை. முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிற்கிற பழக்கம் எனக்கில்லை.

படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவரே ஒருநாள் அந்தப் பேச்சை எடுத்தார்.

"அன்னிக்கி நீ ஏன் என்ன ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டிருந்தா நிறுத்தியிருப்பீங்களா?"

"மாட்டேன்" என்றார்.

"அப்பறம் இன்னாத்துக்குக் கேக்கணும்?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் கொஞ்ச நாளில் போய்விட்டார்.

ஊரெல்லாம் வந்தது. பழைய மிலிட்டரிக்காரர்கள் மலர் வளையம் வைத்து சல்யூட் அடித்தார்கள். ஏரிக்கரைத் தெருக்காரர்கள் ஆளுக்கொரு மாலையோடு வரிசையாக வந்தார்கள். பெங்களூரிலிருந்து மகன் வந்துவிட்டான். எல்லாம் தயார். ஆனால் எடுக்க முடியவில்லை, பிறந்த வீட்டுக் கோடி வரவில்லை. புருஷன் செத்தால் கூடப்பிறந்தவன் செத்தவருக்கு வேட்டியும், தாலியறுக்கிறவளுக்குப் புதுப்புடவையும் தட்டில் வைத்துக் கொண்டுவரவேண்டும். மேளக்காரர்கள் தெருமுனைக்குப் போய் அடித்துக்கொண்டு அழைத்து வருவார்கள். உனக்கு ஆள் இருக்கிறது என்று ஊருக்குக் காட்டுகிற முறை அது.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. பெரியவர் ஒருவர் வந்து, பங்காளி வகையில் ஒரு தம்பி இருக்கிறானே, அவனை வைக்கச் சொல்லலாமா என்று மெதுவாகக் கேட்டார். அந்த வூட்லருந்து வந்தா வரட்டும், இல்லன்னா வேணாம் என்றேன். ஆள் அனுப்பிக் கூப்பிடலாமா என்றார். அதுவும் வேண்டாம் என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. காது மேளத்தின் மேலேயே இருந்தது.

மேளம் வாசலை விட்டு நகர்ந்து தெருமுனைப் பக்கம் போனது. அத்தனை வருஷத்துக்கப்புறம் தம்பி வருகிறான். தலை முழுக்க நரைத்திருந்தது. தட்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலேறி வந்தான். பாகூர் பாய் ஜவுளிக்கடையின் மஞ்சள் பை தட்டில் இருந்தது. அவருடைய கால்மாட்டில் நிற்காமல் நேராக என்னிடம் வந்து, பையிலிருந்து புடவையை எடுத்தான். பச்சை, அரக்குக் கரை. சின்ன வயதில் நான் ஆசைப்பட்டுக் கட்டுகிற நிறம். அவன் மறக்கவில்லை.

தட்டைப் பார்த்தேன். வேறு எதுவும் இல்லை.

"அவருக்கு?" என்றேன்.

"இது உனக்கு யக்கா."

"அவருக்கு எங்கடா வேட்டி?"

"அந்தாளுக்கு நான் போடமாட்டேன். உனக்காவத்தான் வந்தேன்."

மேளம் நின்றிருந்தது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். என் அருகில் உட்கார்ந்திருந்தவள், வாங்கிக்க, நேரமாவுது என்று என் தோளை அழுத்தினாள். யக்கா என்று அவன் கூப்பிட்டதே எனக்குப் போதுமாக இருந்தது. கையை நீட்டினால் முடிந்தது. ஆனால் அவர் அங்கே படுத்திருக்கிறார். பூட்ஸைக் கழற்றிவிட்டார்கள், கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள், நகமில்லாத விரல்கள் வெளியே தெரிந்தன. அவரைத் தாண்டி வந்த புடவையை நான் எப்படிக் கட்டிக்கொள்வது?

"அவருக்குப் போடாத கோடி எனக்கு வேணாம். எடுத்துக்கினு போ" என்றேன்.

தம்பி புடவையை மடித்து, பைக்குள் வைத்து, வந்த வழியே போனான். அவனை அழைத்து வந்த மேளக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். எடுங்கப்பா என்றேன்.

சுடுகாடு வரைக்கும் தம்பி பாடைக்குப் பின்னால், கூட்டத்தைவிட்டுத் தள்ளி நடந்து வந்தானாம். மகன் வந்து சொன்னான். கொள்ளி வைத்ததும் யாரிடமும் பேசாமல் போய்விட்டானாம். பதினாறாம் நாளும் நான் பழைய புடவையைத்தான் கட்டிக்கொண்டேன். மகன் தன்னோடு வரச்சொன்னான். நான் போகவில்லை. இங்கே வாசலில் யாரும் வருவதில்லைதான், ஆனால் என் வாசல்.

செய்தது சரியா என்று யாராவது கேட்டால், மறுபடியும் அப்படித்தான் செய்வேன். ஆனால் அந்தப் புடவை என்னவாகியிருக்கும் என்ற யோசனை மட்டும் விடவில்லை. கோடிக்கென்று வாங்கியதைக் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார். தம்பி பெண்டாட்டி கட்டமாட்டாள், மகளுக்குக் கொடுக்கமாட்டாள், பிச்சைக்காரிக்கும் போடமாட்டாள். சாவுக்கு எடுத்த துணி. என்னைத் தவிர யாரும் அதைக் கட்ட முடியாது. அந்த வீட்டில் எங்கேயோ அது இருக்கிறது. பஸ்ஸுக்குப் போகும்போது, பரணிலா, பீரோவிலா, எங்கே வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே அந்த வாசலைத் தாண்டுகிறேன்.