அபூசாலி காக்காவின் சஹன்

எங்கள் ஊர்க் கலியாண வீடுகளில் சஹனுக்கு ஆள் சேர்ப்பது லேசான வேலை இல்லை. பெரிய தாலத்தில் சோறு வரும். அதைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிட வேண்டும். கல்முனையில் அந்த வேலையை முப்பது வருசமாகச் சம்பளமில்லாமல் பார்த்தவர் என் பக்கத்து வீட்டு அபூசாலி காக்கா. வாசலில் நின்று, "இஞ்ச ஒராள் குறையுது, வாங்க" என்று அவர் கூப்பிட்டால் அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தரும் மீன் வியாபாரியும் ஒரே தாலத்தில் கைபோடுவார்கள். அப்போது எல்லோருக்கும் அவர் வேண்டிய மனிதர்.

மூன்று வருசத்துக்கு முன் அவருக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்தது. கொழும்பில் அந்தப் பையையே எடுத்துவிட்டார்கள். குடலில் ஒரு துண்டை வெட்டி, அதன் வழியாகச் சிறுநீர் வயிற்றின் வலப்பக்கத்தால் வெளியே வந்து, அங்கே ஒட்டிய பிளாஸ்டிக் பையில் விழும்படி செய்தார்கள். வீட்டில் அதற்குப் பெயர் 'பேக்'. நாளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் குடிக்க வேண்டும், குறைந்தால் குடலின் சளி அடைத்துக் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிடும் என்று டொக்டர் சொல்லி அனுப்பினார்.

ஒரு வருசம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு பேக் ஒட்டும் இடத்தில் தோல் புண்ணாகிப்போனது. ஒரு நாள் நற்பிட்டிமுனைக் கலியாணத்தில், வெயிலில் வியர்த்து, பேக்கின் விளிம்பு கழன்றது. உடுத்திருந்த சாரனில் கையகலத்துக்கு ஈரம். அவ்வளவுதான் நடந்தது. நாறுகிற சாக்கடைக் கானுக்குப் பக்கத்தில் நின்று கொத்து ரொட்டி தின்கிற ஊருக்கு அன்றைக்குத்தான் மூக்கு முளைத்தது.

அடுத்த கலியாணத்தில் அவருக்குத் தனிக் கதிரை, தனித் தட்டு. "அவருக்கு வசதியா இரிக்கட்டும்" என்றார்கள். இந்த வசதியைக் கண்டுபிடித்த மேதாவி அவருடைய மனைவி அஸ்பியாவின் தம்பி முஸ்தாக். ஒவ்வொரு தொழுகைக்கும் புதிதாகக் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்துகொண்டு தாராளமாகத் தொழலாம் என்று மௌலவியே சொல்லியிருந்தார். மார்க்கம் தடுக்காததை முஸ்தாக் தடுத்தான். அவன் படித்தவன், சுத்தத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசுவான். அவன் வீட்டு மலசலகூடத்தைப் பார்த்தவன் நான்.

போன வருசம் காக்காவின் மகள் ஸம்றாவுக்குக் கலியாணம் வந்தது. முஸ்தாக் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு கதைத்தான்.

"மச்சான், மாப்பிள்ள வீட்டார் புதுசு. நீங்க உள்ளறையில இரிந்து ஆறுதலாச் சாப்பிடுங்களன்."

அவன் போனபிறகு காக்கா என்னிடம் சொன்னார். "ஊருக்கெல்லாம் சஹன் வெச்சவன் நான். எங்கட மகள்ற கலியாணத்துல ஒளிச்சிரிந்து தின்னவா? சஹன்லதான் இரிப்பன்."

சொன்னது சரி. செய்ததுதான் மடத்தனம். சம்மணம் கட்டி உட்காரும்போது பேக் தட்டையாக இருக்க வேண்டும் என்பதற்காக, முதல்நாள் காலையிலிருந்தே மனிதர் தண்ணீரை நிறுத்திவிட்டார். அஸ்பியா கிளாசோடு பின்னால் திரிந்தாள்.

"இஞ்சாருங்க, டொக்டர் சொன்னது மறந்து போச்சா?"

"ஒழுகினா மானம் போயிரும் அஸ்பியா."

"ஒங்கட மானம் என்ன, அவங்கட மூக்குலயா இரிக்கி?"

"ஓம்" என்றார்.

கலியாணத்தன்று பந்தலில் ஒரு சஹனுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். சுற்றியிருந்த சஹன்களெல்லாம் நிரம்பின. அவருடையதில் அவர் மட்டும். பார்த்தும் பாராத மாதிரிப் போனார்கள். போனைக் காதில் வைத்துக்கொண்டு நழுவினார்கள். காக்கா நிமிர்ந்து தன் பழைய குரலில் கூப்பிட்டார்.

"இஞ்ச அஞ்சு பேர் குறையுது. முஸ்தாக், வாங்க."

பிறகு பெயர் பெயராக இன்னும் நாலு பேர். மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கும்போது எவன் மறுப்பான்? வந்து உட்கார்ந்தோம். ஓம், அந்த நாலு பேரில் நானும் ஒருவன். முஸ்தாக் தன் பக்கத்துச் சோற்றை மட்டும் விரல் நுனியால் கிளறினான். நான் வயிறு சரியில்லை என்று நாலு வாயோடு எழும்பினேன். முஸ்தாக்கைக் கேவலமாக எழுதுகிற எனக்கு அன்றைக்கு அவனுக்கிருந்த துணிச்சல்கூட இருக்கவில்லை, அவனாவது கடைசிவரை உட்கார்ந்திருந்தான். காக்காவின் கை நடுங்கியதைச் சந்தோசம் என்று நினைத்தேன். அது காய்ச்சல்.

அன்று பின்னேரமே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். கிருமி மேலே ஏறியிருந்தது. உயிரைக் காப்பாற்றினார்கள், புற்றுநோய்க் காலத்திலேயே வீங்கிக் கிடந்த இடது சிறுநீரகம் போய்விட்டது. பதினொரு நாள் படுக்கையில் கிடந்தார்.

நான் பார்க்கப் போன அன்று முஸ்தாக்கும் நாலு செவ்விளநீரோடு வந்தான். கட்டிலின் கால்மாட்டுக்கு அப்பால் வரவில்லை.

"ஊரெல்லாம் ஒங்களத்தான் கேக்குது மச்சான். கலியாணச் சோறு நல்லாரிந்ததாம்."

காக்கா கையிலிருந்த கிளாஸ் தண்ணீரை அவசரமில்லாமல் முழுக்கக் குடித்தார். வாயைத் துடைத்தார். அவனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"ஒரு கிட்னியக் குடுத்துத் தின்ட சோறு முஸ்தாக்" என்றார். "உப்புக் கொஞ்சம் காணாது."